கையில் கொடுத்துப் பார்த்த படங்கள்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் தூத்துக்குடி உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் ஒரே தண்ணீராகக் கிடக்கும். குவித்து வைத்த உப்பை ஓலை வேய்ந்தோ தார்ப்பாய் போர்த்தியோ மூடியிருப்பார்கள். ஆண்டு முழுக்க வெயிலை நம்பிப் படம் எடுக்கிற எனக்கும் அந்த மாதங்களில் கேமராவுக்கு வேலை குறைவு. முத்தையாபுரம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை நான். ராத்திரி விடைத்தாள் திருத்தி முடித்ததும் மடிக்கணினியைத் திறந்து, தை முதல் எடுத்த படங்களைக் கழிக்க ஆரம்பிப்பேன். முதல் கழிப்பு சுலபம். கண் மூடியது, கை நடுங்கியது, ஒரே மாதிரி ஏழெட்டு எடுத்ததில் மிச்சம் என்று ஆயிரக்கணக்கில் போய்விடும். அதன் பிறகு நூறு நூற்றைம்பது நிற்கும். அங்கேதான் கஷ்டம்.

அந்த நூற்றைம்பதைக் கணினியில் வைத்துக்கொண்டு நட்சத்திரம் போடுவதை நான் விட்டுவிட்டேன். கல்யாண ஆல்பம் போடுகிற லேபில் கொடுத்து, ஆறுக்கு எட்டு அளவில், மேட் பேப்பரில் பிரிண்ட் போட்டு வாங்குகிறேன். பிரிண்டுகளைப் பழைய துணிக்கடைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, யாரை எடுத்தேனோ அவர்கள் வீட்டுக்கே போய்க் கையில் கொடுக்கிறேன். ஒரு வேலையைக் காட்டும் படம், அந்த வேலையைச் செய்கிறவர் கைக்குப் போய், அவர் அதைப் பார்த்துவிட்டு ஏதாவது பேச ஆரம்பித்தால்தான் என் தொகுப்பில் சேரும். "நல்லாருக்கு டீச்சர்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தால் சேராது. அந்த வார்த்தை மரியாதைக்குச் சொல்வது. படத்தில் அவர்களுடைய வேலை உண்மையிலேயே இருந்தால் படத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். அன்றைக்கு என்ன நடந்தது, தண்ணீர் எப்படி இருந்தது, யார் வரவில்லை என்று வேலையைப் பற்றித்தான் பேசுவார்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோலப் படத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை வாசிப்பார்கள்.

படம் என்பது வாசிக்கிற பொருள் என்ற எண்ணம் எனக்கு வலுப்பட்டது லின்னேயஸ் டிரைப் எடுத்த ஒரு படத்தைப் பற்றிப் படித்தபோது. சென்னை ராஜதானிக்காகப் படம் எடுத்த ராணுவ அதிகாரி அவர். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கியிருக்கிறார். கோபுரத்தின் அழகைப் பிடிக்க எவ்வளவோ பேர் இருக்க, இந்த மனிதர் எழுத்து தெரிய வேண்டும் என்று சுவர் ஓரமாகவே நகர்ந்து நகர்ந்து போயிருக்கிறார். அந்தப் பொறுமை மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இந்த ஆண்டுத் தொகுப்பில் முதலில் உறுதியானது ஓர் உப்பளப் படம். பாத்தியில் உப்பு வாரும் பெண்கள், நீண்ட கம்பு கோத்த பலகையால் உப்பை இழுத்து வரப்பை நோக்கிச் சேர்க்கிறார்கள். பின்னால் தொலைவில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். உப்பளத்தில் படம் எடுக்கிறவர்களுக்கு முதல் பாடம் ஒன்று உண்டு. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எடுத்துக்கொள்ளும். வெள்ளை உப்பு நிறைந்த காட்சியை அதன் போக்கில் விட்டால் உப்பு அழுக்குத் துணியாக விழும். ஒரு ஸ்டாப், வெயில் அதிகமானால் இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். அப்படிக் கூட்டினால் உப்பு வெள்ளையாகும், ஆனால் வேலை செய்கிறவர் முகம் என்ன ஆகிறது என்றும் பார்க்க வேண்டும். நான் எப்போதும் முகத்துக்குத்தான் வைப்பேன். உப்பு கொஞ்சம் வெளுத்துப் போனால் போகட்டும்.

அந்தப் படத்தில் நடுவில் நிற்கிறவரை நான் பெரியக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய பேத்தி என் வகுப்பில் படிக்கிறாள். மழை நாள் ஒன்றில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிரிண்டைக் கொடுத்தேன். கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார். பல வருஷம் உப்பு வெளிச்சத்தில் நின்ற கண் அது.

"இது அந்த மழ வந்த அன்னைக்கு எடுத்ததுல்லா?" என்றார்.

படத்தில் மேகமே இல்லை. அன்றைக்கு மேகம் என் முதுகுப் பக்கம் இருந்தது. எப்படிக்கா தெரிஞ்சுது என்று கேட்டேன்.

"நெழலப் பாருங்க. பொகபோக்கிப் பக்கமா விழுந்துருக்கு. அப்ப மத்தியானம் திரும்பிட்டுன்னு அர்த்தம். விடியுமுன்ன எறங்குற நாங்க அந்நேரம் வரைக்கும் பாத்தியில நிப்பமா? அன்னைக்குத்தான் தெக்க மேக்க மானம் கறுத்துட்டு, வெளஞ்சது பூராம் கரைஞ்சிரும்னு கஞ்சிகூடக் குடிக்காம வாரினோம். இந்தா, இவ தலையில துண்டே இல்ல பாருங்க. ஓடுற ஓட்டத்துல எங்கயோ விழுந்துட்டு."

நான் அந்தப் படத்தை எடுக்கும்போது கவனித்தது பலகைகள் எல்லாம் ஒரே சாய்வில் போனதை. அவர்கள் எல்லாரும் ஒரே வேகத்தில் இழுத்ததால் அந்தச் சாய்வு வந்தது, அந்த வேகம் மழைக்குப் பயந்து வந்தது. கோடை மழை ஒரு மணி நேரம் பெய்தால் போதும், பல நாள் வெயில் செய்த வேலை திரும்பத் தண்ணீராகிவிடும். கடல்நீரில் உப்பின் அடர்த்தி போமே அளவில் மூன்று டிகிரிதான் இருக்கும். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி, காய விட்டு, ஏறக்குறைய இருபத்தைந்து டிகிரிக்குக் கொண்டு வந்தால்தான் உப்புப் பூக்கத் தொடங்கும். வழியில் சுண்ணமும் ஜிப்சமும் கீழே தங்கிவிடும். இருபத்தொன்பது முப்பதைத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசந்துபோகும், அதற்குள் அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் கருவி இல்லாமல் கண்ணால் சொல்லக்கூடியவர்கள் அளத்தில் இருக்கிறார்கள். பெரியக்கா அன்றைக்குப் பாதிதான் வார முடிந்தது என்றும் மிச்சம் கரைந்துவிட்டது என்றும் சொல்லிவிட்டு, படத்தைத் தன் மகளிடம் கொடுத்தார். மகள் அதிலே வேறொன்றை வாசித்தாள். வரப்பில் ஓரமாக நிற்கிற வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்று காட்டினாள். இந்தப் படம் தொகுப்பின் முதல் பக்கத்துக்குப் போகிறது.

அதே அளத்தில் விடியற்காலையில் எடுத்த இன்னொன்று, பாத்தித் தண்ணீர் ரோஜா நிறத்தில் மின்னுவது. மிகுந்த உப்புநீரில் வாழும் துனாலியெல்லா என்ற பாசியும் சில நுண்ணுயிர்களும் அந்த நிறத்தைக் கொடுக்கின்றன. என்னோடு படம் எடுக்கும் நண்பர்கள் எல்லாரும் இதையே ஆண்டின் சிறந்த படம் என்றார்கள். பெரியக்கா பார்த்துவிட்டு, "கலர் நல்லாருக்கு டீச்சர்" என்று திருப்பிக் கொடுத்தார். அது சேரவில்லை.

மூன்றாவது, கால்கள். உப்புநீரில் ஊறிப் புண்ணான பாதம். எடுப்பதற்குப் பெரியக்காவே சம்மதித்தார். ஆனால் பிரிண்டைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் தலைமாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. கணினியிலிருந்தும் அதை எடுத்துவிட்டேன். 1979இல் வெளிவந்த ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' இந்த ஊர் உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கையைச் சொல்கிற நாவல். அந்தப் பாதங்களைப் பற்றி உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கால் அவருடையது. காட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையும் அவருக்குத்தான்.

உப்பளத்துக்கு அடுத்தபடியாக இந்த ஆண்டு நான் அதிகம் போனது உடன்குடிப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய பனைகளுக்கு. செம்மண் தேரியில் பனை நிற்கிற அழகை எவ்வளவு எடுத்தாலும் அலுக்காது. ஆனால் அந்த அழகுப் படங்கள் எல்லாமே பனையேறி அண்ணாச்சியின் கைக்குப் போய் மரியாதையோடு திரும்பி வந்துவிட்டன. அவர் நின்று பார்த்தது, நான் மரத்தடியில் படுத்துக்கொண்டு மேல் நோக்கி எடுத்த ஒன்று. வானம் வெளுத்துப் போயிருக்கிறது, அவர் முகம் தெரியவே இல்லை. உள்ளங்காலும் தளைநாரும் இடுப்பில் தொங்குகிற பெட்டியும்தான் தெரிகின்றன.

"இது கெழக்கு வரிசையில ரெண்டாவது பனை" என்றார் உடனே. "பாளைய எடது பக்கமா வளச்சுக் கட்டிருக்கேன் பாருங்க. காத்து அந்தப் பக்கம்லா அடிக்கும்."

எனக்குப் பனை என்றால் பனை. அவருக்கு ஒவ்வொன்றும் தனி ஆள். காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டிவிட்டு இறங்குகிறவருக்கு, எந்த மரம் எவ்வளவு சுரக்கும், எது வழுக்கும் என்று அடி முதல் உச்சி வரை உடம்பே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தப் படத்தை வகுப்பில் காட்டி, எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லப் போகிறேன்.

அவர் மனைவியை நான் மதினி என்பேன். பதநீர் இறங்கிவிட்டால் அப்புறம் எல்லாம் அவர் பாடு. ஓலை வேய்ந்த விடிலிக்குள் பெரிய தாச்சியில் பதநீர் கொதிக்க, புகையில் நின்று மணிக்கணக்காகக் கிண்டுவார். விடிலிக்குள் வெளிச்சம் மிகக் குறைவு. ஓலை இடுக்கு வழியாகப் புகைக்குள் இறங்குகிற வெயில் கோடுகளைப் படம் எடுக்காத ஆளே இருக்க முடியாது, நானும் எடுத்தேன். பிரமாதமாக வந்தது. மதினிக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. அவர் எடுத்துக்கொண்டது, ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றி, லென்சை முழுக்கத் திறந்து எடுத்த, புள்ளி புள்ளியாகக் கிடக்கும் ஒரு படம். கரண்டியிலிருந்து பாகு வழிகிறது, பின்னால் கொப்புளங்கள், அவ்வளவுதான். போட்டிக்கு அனுப்பினால் நடுவர்கள் அந்தப் புள்ளிகளைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள்.

மதினி படத்தைப் பார்த்துச் சொன்னது: "இப்ப எறக்கிறணும். இன்னொரு கொதி விட்டா முறுகிரும்."

எடுத்து ஏழு மாதம் ஆன படம் அது. ஆனால் அடுப்பு எரிந்துகொண்டிருப்பது போலவே அவர் சொன்னார். கொப்புளம் எப்போது பெரிதாக இருந்து சின்னதாகிறது, பாகு கரண்டியில் எப்படித் திரண்டு விழுகிறது என்று அந்த அச்சில் விரல் வைத்துக் காட்டினார். சந்தேகம் வந்தால் கொஞ்சம் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பாராம், உருண்டால் பதம். அப்புறம் சிரட்டைகளில் ஊற்றி ஆற விடுவது. என் கேமரா பிடித்தது பதம் வந்த அந்த நொடியைத்தான் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. இந்த ஆண்டு எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய பரிசு அந்த ஒரு வாக்கியம். வெயில் கோடுகளை விட்டுவிட்டு இதைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

குலசேகரன்பட்டினம் தசராவில் இருந்து ஒன்றே ஒன்றுதான். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு பத்து நாளும் வேடம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி வருகிற பக்தர்கள் லட்சக்கணக்கில் கூடுகிற இடம். காளி வேடத்தை எடுக்க மட்டும் ஒரு கூட்டம் கேமராவோடு வரும். சூரசம்ஹாரத்தன்று கடற்கரையில் ஒருவர் லென்ஸ் அடுத்தவர் காதில் இடிக்கும். நான் எடுத்த காளிகளும் மற்றவர்கள் எடுத்த காளிகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தங்கியது குரங்கு வேடம் போட்ட ஒரு பையனுக்கு அவன் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு வால் கட்டிவிடுகிற படம். பையனின் அம்மாவிடம் கொடுத்தபோது, அவன் காய்ச்சலில் கிடந்ததையும் வேண்டிக்கொண்டதையும் வாசலில் நின்றபடியே முழுக்கச் சொன்னார்.

இனி சொல்லப்போவது எனக்கு வலிக்கிற ஒன்று. ஆனியில் என் மகள் சென்னைக்கு வேலைக்குக் கிளம்பினாள். முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடப் போயிருந்தோம். வண்டி நகரத் தொடங்கியபோது ஜன்னல் கம்பிக்குள் அவள் கை, என் அம்மாவின் கையை விட மனமில்லாமல் கூடவே இழுத்துக்கொண்டு வந்தது. ஷட்டர் மெதுவாக இருந்ததால் ரயில் முழுக்கக் கோடாகிவிட்டது. இரண்டு கை மட்டும் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. இருபது வருஷமாகப் படம் எடுக்கிறேன், இவ்வளவு நெஞ்சில் தைத்த படம் நான் எடுத்ததில்லை. தீபாவளிக்கு வந்தவளிடம் பிரிண்டைக் கொடுத்தேன்.

"இது வேண்டாம்மா" என்றாள். "நான் அன்னைக்குச் சந்தோஷமாத்தான் போனேன். இதப் பாக்குற யாரும் அப்படி நெனைக்க மாட்டாங்க."

பெரியக்காவின் காலுக்கு ஒரு நியாயம், என் மகளின் கைக்கு ஒரு நியாயம் என்று வைக்க முடியாது. ஆச்சியின் கையும் அதில் இருக்கிறதே என்று வாதாடிப் பார்த்தேன். ஆச்சி என் பக்கம்தான் பேசினார். ஆனால் கிளம்பிப் போனது பேத்தி. அது உறைக்குள் போய்விட்டது. அதற்குப் பதிலாக அவள் எடுத்துக்கொடுத்தது, அதே நடைமேடையில் அரைமணி நேரம் முன்னால் எடுத்தது. பெட்டி மேல் உட்கார்ந்து மக்ரூன் தின்றபடி போனில் யாருக்கோ பெட்டி எண் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காலில் புதுச் செருப்பு, கடை ஒட்டுக்காகிதம்கூட இன்னும் கிழிக்கவில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கும்போது அவள் சொன்னது சரி என்று படுகிறது. போகிற அவசரம் அவள் உட்கார்ந்திருக்கிற விதத்திலேயே இருக்கிறது. தாயின் கண்ணால் எடுத்ததில் அது இல்லை.

கடைசியாகக் கூந்தன்குளம். நாங்குநேரி வட்டத்தில், திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். மார்கழி, தை வாக்கில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வந்து குளத்து மரங்களில் மட்டுமல்ல, தெருவில், வீட்டுக் கொல்லையில் நிற்கிற மரங்களிலும் கூடு கட்டும். எச்சமும் மீன் நாற்றமும் வாசல் வரைக்கும் வரும், யாரும் விரட்டுவதில்லை. பறவை வந்தால் மழையும் விளைச்சலும் சரியாக இருக்கும் என்று நம்புகிறார்கள். குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இமயத்தைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகளையும் இங்கே பார்க்கலாம், அவற்றுக்காகவே நீண்ட லென்ஸ்களோடு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்.

பறவைப் படம் என்றால் எனக்கு மா. கிருஷ்ணன்தான். எழுத்தாளர் மாதவையாவின் மகன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். பல கருவிகளின் பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிய கேமராவுக்கு 'சூப்பர் பொண்டரோசா' என்று பெயர் வைத்துக்கொண்டு, கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே காட்டைப் படம் எடுத்தார். அவருடைய படங்களில் விலங்கு தன் இடத்தில், தன் வேலையில் இருக்கும். சட்டத்தை அடைத்துக்கொண்டு இறகு இறகாகத் தெரிகிற இன்றைய பறவைப் படங்களைப் பார்க்கும்போது, இந்தப் பறவை எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

என் படத்தில் ஒரு ஓட்டு வீடு, கொடியில் காயும் பாவாடை சட்டைகள், மேலே வேம்பில் நாரைக் கூடுகள், கீழே அண்ணாந்து பார்க்காமல் பாத்திரம் துலக்குகிற ஒரு பெண். சாதாரண 35 மில்லிமீட்டர் லென்சில் எடுத்தது. கார்த்திகைக் கடைசியில் பிரிண்டோடு போனேன். அந்தப் பெண் வயலுக்குப் போயிருந்தார், மாமனார் மட்டும் இருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். இடது ஓரத்துக் கூட்டில் எத்தனை குஞ்சு என்று எண்ணினார். அதில் ஒன்று கீழே விழுந்ததாம், பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய் வனத்துறை ஆட்களிடம் கொடுத்தார்களாம், பிழைத்து வளர்ந்து பறந்துவிட்டதாம். பிறகு படத்தையும் மரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இந்தக் கெளை இப்ப இல்ல தாயி. போன வாரக் காத்துல முறிஞ்சிட்டு. அதுல இருந்த ரெண்டு சோடி வந்தா எங்க கட்டும்னு தெரியல. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு புளி நிக்கி, அங்க போனாலும் போகும். பொங்கல் கழிச்சு ஒருநடை வாங்க. இத எங்க மருமவகிட்ட குடுக்கட்டா, இல்ல டீக்கடையில மாட்டட்டா?"

டீக்கடைக்கென்று பெரிதாகப் பன்னிரண்டுக்குப் பதினெட்டில் ஒன்று போட்டுக் கொண்டுவருகிறேன், இது மருமகளுக்கே இருக்கட்டும் என்றேன். லேபில் சொல்லியாகிவிட்டது.